நிக்கல் மங்கிய லைட்சேபர் பிடி: வீட்டில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் வாங்கிய லூக் ஸ்கைவாக்கரின் லைட்சேபர் பிடி, அதாவது ஸ்டார் வார்ஸ் படத்தின் நாயகன் ஏந்தும் ஒளிவாளின் கைப்பிடி, உலோகத்தில் செய்த ரெப்ளிக்கா (நகல்). வந்த புதிதில் வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருந்தது. இப்போது மேலெல்லாம் மஞ்சள் ஓடி மங்கிவிட்டது, கிளாம்புக்கு அடியில் பச்சைப் புள்ளிகள், கறுப்புப் பிடிப்பட்டைகளில் இரண்டு கழன்றுவிட்டன. வீடு கடலுக்குப் பக்கத்தில். உப்புத்தாள் போட்டு வெறும் உலோகம் வரை தேய்த்து புதிதாகப் பாலிஷ் ஏற்றலாமா, அல்லது படத்தில் இருப்பதுபோல அடிபட்டுப் பழகிய தோற்றத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் உப்புத்தாளை எடுத்து உள்ளே வையுங்கள். அலங்காரத்துக்குப் போடும் நிக்கல் முலாம் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான் கனம்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். 400 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டியிருக்கும் ஒரு துகளே சுமார் 35 மைக்ரான். முலாமைவிடப் பெரிய கற்களால் முலாமைத் தேய்க்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். பத்து இழுப்பில் ஓரங்களில் பித்தளை தெரிய ஆரம்பித்துவிடும், அதற்கப்புறம் திரும்பி வர வழி கிடையாது. மங்கிய நிக்கலைப் பெரும்பாலும் மீட்கலாம். தேய்ந்துபோன நிக்கலை முலாம் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எந்தத் தோற்றத்துக்குப் போக வேண்டும் என்பதும் தெளிவாகும். 1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு லைட்சேபரை யாரும் கடைசல் போட்டுச் செய்யவில்லை. அரங்கப் பொருள்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு புகைப்படக் கருவிக் கடையில் பழைய கிராஃப்லெக்ஸ் ஃப்ளாஷ் பிடிகளைக் கண்டெடுத்தார். 1940-களில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பெரிய கேமராவின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு பல்பு பளிச்சிட வைத்த குழாய் அது. உள்ளே மூன்று பெரிய டார்ச் பேட்டரி போகும். பக்கத்தில் சிவப்புப் பொத்தான், நடுவில் இறுக்கும் கிளாம்ப். அதன்மேல் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, கிளாம்பில் பழைய டெக்ஸாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் கால்குலேட்டர் ஒன்றின் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைச் செருகி, இடுப்பில் தொங்கவிட அடியில் ஒரு டி வளையம் வைத்தார்கள். அவ்வளவுதான். அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது பரிசு பெற்றவர்களில் கிறிஸ்டியனும் ஒருவர்.

அதாவது படத்தில் நாம் பார்ப்பது முப்பது வருடம் உலகத்தில் புழங்கிய ஒரு வேலைக் கருவியை. அதன் மினுமினுப்பு நகைக்கடைப் பாலிஷ் கிடையாது. பித்தளைமேல் போட்ட நிக்கல், கை பட்டுப் பட்டு மென்மையானது. நல்ல ரெப்ளிக்காக்களும் பித்தளைக் குழாயில் நிக்கல் முலாம் போட்டே வருகின்றன. உங்களுடையதும் அப்படி என்றால், லேசாக மங்கிய நிலையில் அது அசலுக்கு இன்னும் பக்கத்தில்தான் போயிருக்கிறது. கெட்டதை மட்டும் நிறுத்தி, மங்கலைச் சமமாக்கினால் போதும் என்பது என் கருத்து. பளபளவென்று ஆக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருவேளை உங்கள் கையில் இருப்பது ரெப்ளிக்காவே இல்லாமல் அசல் கிராஃப்லெக்ஸ் ஃப்ளாஷ் பிடியாக இருந்தால், சோப்புத் தண்ணீருக்கு மேல் எதுவும் வேண்டாம். அவை இனிமேல் செய்யப்படப் போவதில்லை.

இனி வேலைக்கு வருவோம். எந்த உலோகம் என்று தெரியாமல் எந்தத் திரவத்தையும் தொடக் கூடாது. ரெப்ளிக்காக்கள் பித்தளை, அலுமினியம், துத்தநாகக் கலவை, ஸ்டீல் என நான்கிலும் வருகின்றன. ஒரே பிடியில் குழாய் பித்தளையாகவும் கிளாம்ப் துத்தநாகக் கலவையாகவும் இருப்பதும் சகஜம். வெளியே எல்லாமே ஒரே வெள்ளி நிறம். முதலில் காந்தம். கெட்டியாக ஒட்டினால் ஸ்டீல். நிக்கலும் கொஞ்சம் காந்தத்துக்கு இழுபடும் என்பதால் லேசான இழுப்பை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். அடுத்து, வெளியே தெரியாத உட்பக்கத்தில் ஊசி அரத்தின் நுனியால் ஒரு சிறு கீறல். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அலுமினியமா துத்தநாகமா என்று இன்னும் பார்க்க வேண்டும்.

அதற்கு நான் சமையலறைத் தராசைத்தான் நம்புகிறேன். கிளாம்பைத் தனியாகக் கழற்றி எடை போடுங்கள். 102 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளாம்பை நூலில் கட்டி, தண்ணீரில் முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் கையால் தொங்கவிடுங்கள். இடுக்குகளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்கள் போகும்படி ஒரு உலுக்கு. இப்போது தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 12 என்று காட்டினால் 102-ஐ 12-ஆல் வகுக்க 8.5 வரும். அது பித்தளை. 6.6-ஐ ஒட்டி வந்தால் துத்தநாகக் கலவை. 2.7 வந்தால் அலுமினியம். 7.8, 7.9 என்று வந்து கீறலும் வெள்ளையாக இருந்தால் ஸ்டீல், காந்தம் ஒட்டாவிட்டால் ஸ்டெயின்லெஸ். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் பொருளைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

உலோகம் தெரிந்தது. அதன்மேல் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி, உங்கள் மஞ்சளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கக்கூடும். நிக்கல், ஈரமும் கந்தகமும் உள்ள காற்றில் தானாகவே பனி படர்ந்ததுபோல மங்கும், லேசாக மஞ்சளும் ஏறும். அதனால்தான் 1920-களின் பிற்பாதியிலிருந்து கார், குழாய் போன்றவற்றில் நிக்கலுக்கு மேல் குரோமியத்தை ஒரு மெல்லிய படலமாக ஏற்ற ஆரம்பித்தார்கள். குரோம் நீலம் கலந்த வெள்ளை, நிக்கல் இளஞ்சூடான வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். ஆனால் சில ரெப்ளிக்காக்களில் நிக்கலுக்கு மேல் கிளியர் லாக்கர் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சை அடித்திருப்பார்கள். அந்த லாக்கர் வயதாகி மஞ்சளாகும். நீங்கள் நிக்கலைத் தேய்த்துக்கொண்டே இருப்பீர்கள், மஞ்சள் போகாது, ஏனென்றால் கை நிக்கலை எட்டவே இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் இதற்கு விடை உடனே கிடைக்கும். சத்தமிடும் பீப் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் குத்தாமல் பக்கவாட்டாகச் சாய்த்து மேற்பரப்பில் வையுங்கள். பீப் வந்தால் வெறும் உலோகம். வரவில்லை என்றால் லாக்கர் அல்லது பெயின்ட், அலுமினியமாக இருந்தால் ஆனோடைசிங், அதாவது மின்சாரத்தால் அதன்மேல் உண்டாக்கிய ஆக்சைடு படலம். லாக்கர் என்று சந்தேகம் வந்தால் காது குடையும் பஞ்சில் அசிட்டோன் தொட்டு உட்பக்கம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பிசுபிசுத்து மஞ்சளானால் லாக்கர்தான். மொட்டை மாடியிலோ ஜன்னல் திறந்த இடத்திலோ, பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல், அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தெடுத்தால் உங்கள் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதற்கு முன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஒளியும் ஒலியும் உள்ள வகை என்றால் லித்தியம் பேட்டரியை முதலில் வெளியே எடுங்கள், பிறகு சர்க்யூட் பலகை, ஸ்பீக்கர். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு போட்டோ. ஸ்க்ரூக்களை எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போட்டு வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு ஸ்க்ரூவில் ஒன்று அரை மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், அதை இடம் மாற்றிப் போட்டால் உள்ளே பலகையில் போய் முட்டும்.

மிச்சமிருக்கும் கறுப்புப் பட்டைகளைப் பிய்க்காதீர்கள். ஹேர் டிரையரால் தொட்டால் சுடும் அளவுக்கு மட்டும் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ரம்பம்போல இழுங்கள். வெண்ணெயை நூலால் அறுப்பதுபோலக் கழன்று வரும். குழாயில் மிஞ்சிய பசையை அசிட்டோனில் ஊறிய துணியைச் சுற்றி வைத்து ஊறவிட்டு எடுக்கலாம். ஆனால் கிளாம்பில் இருக்கும் குமிழ்ப் பட்டை, பொத்தான், கண்ணாடிபோல் இருக்கும் எதன் அருகிலும் அசிட்டோன் போகக் கூடாது. அக்ரிலிக்காக இருந்தால் பாலாடைபோல் வெளுத்து உள்ளுக்குள் விரிசல் விடும், திருத்தவே முடியாது. ஸ்பிரிட்கூட அக்ரிலிக்கில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும்.

கழற்றிய உலோகத் துண்டுகளைப் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு, பழைய பிரஷ்ஷால் மரைகள் உட்பட நிதானமாகக் கழுவுங்கள். கைவிரல் எண்ணெயும் உப்பும் போனாலே மங்கலில் கால்வாசி போகும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, உப்புத்தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வளையம் விடும். உடனே துடைத்து ஹேர் டிரையரால் காயவையுங்கள். இதற்குப் பிறகு நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

நிக்கலின் மங்கலை எடுக்க, மருந்துத் தரமான கால்சியம் கார்பனேட் பொடியைத் தண்ணீரில் தயிர்போலக் குழைத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டில் தொட்டுத் தேய்க்கலாம். கால்சியம் கார்பனேட் நிக்கலைவிட மென்மையானது. அதனால் மேலே படிந்ததை எடுக்கும், முலாமைக் கீறாது. குழாயில் கையைச் சுற்றிச் சுற்றித் தேய்க்காமல் நீளவாக்கில் தேய்த்தால் கடைசியில் தெரியும் ஒளி சீராக இருக்கும். பித்தளை விளக்கு தேய்க்கும் பொடி, பாத்திரம் விளக்கும் நார், அமோனியா வாடை அடிக்கும் உலோகப் பாலிஷ் எல்லாம் நிக்கலுக்குக் கரடு. எதுவும் நகராவிட்டால் மட்டும், குரோமுக்கென்று விற்கும் மென்மையான பேஸ்டை ஒரே ஒருமுறை. டிரில்லில் பஃப் என்ற துணிச் சக்கரம் மாட்டி பாலிஷ் கம்பௌண்டு போட்டு ஓட்டுவது வேண்டவே வேண்டாம். ஓரங்களைத்தான் அது முதலில் தின்னும், கிளாம்பின் இடுக்கில் மாட்டினால் பொருளைக் கையிலிருந்து பிடுங்கி எறியும்.

பச்சைப் புள்ளிகளுக்கு வருகிறேன், இதில்தான் நிதானம் வேண்டும். அது நிக்கலில் வந்தது கிடையாது. முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அதன் வழியே உப்புக் காற்றின் ஈரம் இறங்கி, அடியிலிருக்கும் பித்தளையின் செம்பு களிம்பாகி மேலே வருகிறது. கிளாம்புக்கு அடியில் வந்ததற்குக் காரணம், அங்கே போன ஈரம் காய வழியில்லை. தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டு புள்ளிமேல் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் மூங்கில் பல்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, களிம்பை மட்டும் மெல்லக் கிளறுங்கள். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் பச்சை துகளாகக் கழன்று, அடியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு கரும்புள்ளி மிஞ்சும். அந்தப் புள்ளி இருந்துவிட்டுப் போகட்டும். விடாப்பிடியாக ஒட்டியிருப்பதற்கு, நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பஞ்சு நுனியால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு நிமிடம். உடனே சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, ஆர்.ஓ. தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். இது பித்தளைக்கு. தராசில் 6.6 காட்டிய துண்டுக்கு எந்த அமிலமும் கூடாது, எலுமிச்சையும் வினிகரும்கூட. துத்தநாகம் நுரைத்துக்கொண்டு கரையும், மேலிருக்கும் முலாம் அப்பளம்போலக் கொப்பளித்து நிற்கும்.

புளி போடலாமா என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். முலாம் இல்லாத வெறும் பித்தளைக்குப் புளி அருமையான பொருள், அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவினால். நான் ஒரு பித்தளை வளையத்தைப் புளிக்கரைசலில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எடுத்தபோது மஞ்சளில் ஆங்காங்கே ரோஜா நிறத் திட்டுகள். அமிலம் பித்தளையிலிருந்த துத்தநாகத்தை மேற்பரப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போய், செம்பை மட்டும் விட்டுவைத்திருந்தது. அது கறை கிடையாது, மேல்தோலில் உலோகமே மாறிவிட்டது. மறுபடி மஞ்சளைப் பார்க்க 600-லிருந்து 2000 வரை வாட்டர் பேப்பர் போட வேண்டியிருந்தது. அதில் வளையத்தின் கூர்மையான விளிம்பு மழுங்கியது. விளிம்பு போனது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

எல்லாம் செய்த பிறகும் முலாம் உரிந்து கிடந்தால் திரும்ப முலாம் போடுவது ஒன்றே வழி. இதை வீட்டில் செய்யும் முறைகள் சுற்றுகின்றன, வினிகரும் உப்பும் நிக்கல் கம்பியும் பேட்டரியும் வைத்து. படலம் வரும் என்பது உண்மைதான். ஆனால் நிக்கல் உப்புகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், மூச்சில் போனால் புற்றுநோய்க் காரணி, மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. நிக்கலுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்பூனை மாட்டினால் அதிலிருந்து நச்சான குரோமியமும் கரையும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இது வேண்டாம். கழிப்பறை ஆசிட்டால் குரோமை உரிப்பதும் அப்படித்தான். அந்தப் புகை அறையிலிருக்கும் ஸ்க்ரூடிரைவர் முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை ஒரே இரவில் துருப்பிடிக்க வைக்கும். அதோடு பிளீச் கலந்துவிட்டால் குளோரின் வாயு.

பட்டறைக்குக் கொடுக்கும்போது வாயால் சொன்னால் போதாது, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் முதன்முதலில் ஒரு பட்டறையில் கொடுத்த பிடி கண்ணாடிபோல மின்னிக்கொண்டு வந்தது. ஆனால் அடிப்பாகத்தில் பதித்திருந்த எழுத்துகள் பாதி மறைந்திருந்தன, மூடி மரையில் ஏறவில்லை. முலாம் போடும் முன் பஃப் அடித்துச் சமப்படுத்துவது அவர்களுக்கு அன்றாட வழக்கம். சொல்லாதது என் பிழை. ஆகவே நான்கு விஷயம் எழுதுங்கள்: பழைய முலாமைக் கரைசலில்தான் கழற்ற வேண்டும், பஃப் அடிக்கக் கூடாது. மரைகளை மூடிவிட்டு முலாம் போட வேண்டும், ஏனென்றால் முலாமும் ஒரு கனம்தான், மரையில் ஏறினால் இறுகும். நிக்கல் மட்டும், மேலே குரோம் வேண்டாம். ரொம்பப் பளிச்சென்ற பிரைட் நிக்கலுக்குப் பதில் கொஞ்சம் அடங்கிய ஒளி போதும். துண்டு துத்தநாகக் கலவை என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கு அடியில் செம்புப் படலம் போட்டுத்தான் நிக்கல் ஏற்றுவார்கள்.

இனி அடிபட்ட தோற்றம். எனக்கு இதில்தான் ஆசை அதிகம், ஆனால் பலர் அவசரப்படுவதும் இங்கேதான். முழுக் குழாயையும் சமமாகக் கீறிவிட்டால் அது பழசாகத் தெரியாது, கீறியதாகத்தான் தெரியும். பிடியைக் கையில் எடுத்து ஒரு வாரம் வெறுமனே பிடித்துப் பழகுங்கள், எடுங்கள், இடுப்பில் மாட்டுங்கள், மேசையில் வையுங்கள். கட்டைவிரல் சிவப்புப் பொத்தானைத் தேடி எங்கே உரசுகிறது, கிளாம்பின் நெம்புகோல் எந்த மூலையில் உள்ளங்கையில் இடிக்கிறது, மேசையில் வைத்தால் எந்த இரண்டு இடங்கள் பலகையில் படுகின்றன. பென்சிலால் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் டி வளையம் ஆடி ஆடி உரசி, மூடியில் பிறைபோல ஒரு வளைகோட்டை உண்டாக்கியிருக்கும். பல வருடம் தொங்கிய பிடிக்கு அந்தப் பிறை தானாக வரும். வளையத்தையே பிடித்து ஒரு நூறு முறை ஆட்டினால் உங்களுடையதிலும் வரும், கருவி எதுவும் வேண்டாம்.

பித்தளை எட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள் ஓரங்கள் மட்டுமே. 1500 நம்பர் வாட்டர் பேப்பரைத் தபால்தலை அளவுக்கு வெட்டி, தண்ணீர் தொட்டு, விரலால் ஓரத்தின்மேல் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தித் துடைத்துப் பாருங்கள். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல இருக்கக் கூடாது, பனிபோலக் கரைய வேண்டும். அதற்குக் கடைசி இரண்டு இழுப்பைக் கால்சியம் கார்பனேட் பொடி தொட்ட துணியால் இழுங்கள். ஸ்டீல் கம்பளி வாங்கி வைத்திருந்தால் இதற்கு வேண்டாம். அதன் நுண்ணிய இழைகள் இடுக்கில் தங்கித் துருப்பிடிக்கும், ஸ்பீக்கரின் காந்தத்தில் ஒட்டும், சர்க்யூட் பலகையில் விழுந்தால் ஷார்ட் ஆகும். பாத்திரக்கடையில் கிடைக்கும் நைலான் பச்சை நாரின் தேய்ந்த துண்டு போதும், அதுவும் லேசாக.

அழுக்குப் பூச்சுக்கு அமிலமோ கந்தகமோ வேண்டாம். கறுப்பு ஆயில் பெயின்டில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து, டர்பன்டைன் விட்டு டீத்தண்ணீர் பதத்துக்கு இளக்குங்கள். கிளாம்பைச் சுற்றி, ஸ்க்ரூத் தலைகளில், பதித்த எழுத்துகளில் சிறு பிரஷ்ஷால் ஓடவிடுங்கள். இடுக்கு தானாகவே இழுத்துக்கொள்ளும். இருபது நிமிடம் கழித்து, மேற்பரப்பில் இருப்பதை மட்டும் துணியைத் தட்டையாக மடித்துத் துடைத்தால், பள்ளத்தில் கறுப்பு நிற்கும், மேட்டில் உலோகம் ஒளிரும். துடைக்கும் திசையைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாகத் துடைத்தால் ஸ்க்ரூவின் கீழ்ப்பக்கம் மெல்லிய ஒழுக்கு ஒன்று தங்கும். இடுப்பில் தொங்கும் பொருளில் அழுக்கு அப்படித்தான் இறங்கும். பிடிக்கவில்லை என்றால் டர்பன்டைன் தொட்டு முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். வேறு எந்த முறையிலும் இந்த வசதி கிடையாது. நான்கைந்து நாள் காயவிடுங்கள்.

உங்கள் பிடி அலுமினியம் என்று தெரியவந்தால் கதை வேறு. வெள்ளி நிறம் ஆனோடைசிங்காக இருக்கும், அதில் களிம்பு வராது, கீறல்தான் வரும். ஒரு கீறலை மட்டும் மறைக்க முடியாது, படலம் முழுவதையும் எடுக்க வேண்டும். காஸ்டிக் சோடா எடுக்கும், ஆனால் அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், அலுமினியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனும் விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை, திறந்த வெளி, பிளாஸ்டிக் வாளி, தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாமேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. இவ்வளவும் ஏற்பாடு செய்ய முடியாதவர்கள் 400, 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தே எடுக்கலாம், நேரம்தான் ஆகும். லேத்தில் கடைந்த துண்டில் கோடுகள் வட்டமாக ஓடும். உங்கள் தேய்ப்பும் அதே திசையில் போக வேண்டும், குறுக்கே ஓடிய ஒரு கோடுகூடக் கண்ணில் குத்தும்.

அதே படத்தில் வரும் ஓபி-வான் கெனோபியின் பிடியும் இருப்பதாக ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். அசல், ரோல்ஸ்-ராய்ஸ் ஜெட் எஞ்சின் குழாய், முதல் உலகப் போர்க்காலத்தில் துப்பாக்கியிலிருந்து ஏவிய எறிகுண்டின் உடல், குளியலறைக் குழாயின் திருகு என்று ஊரெல்லாம் பொறுக்கிய துண்டுகளால் ஆனது. அதனால் ரெப்ளிக்காவிலும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு உலோகமாக இருக்கலாம், தராசுச் சோதனையைத் துண்டு துண்டாகச் செய்யுங்கள். யாராவது அதில் உண்மையான பழைய ராணுவ உதிரிபாகம் சேர்த்திருந்தால், மங்கிய தங்க நிறப் பூச்சு உள்ள துண்டைத் தேய்க்கவே கூடாது. அது காட்மியமாக இருக்கலாம், அதன் தூசி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கறுப்புப் பெயின்ட் அடிக்கும் துண்டுகளுக்கு உலோகத்தைப் பற்றும் எட்ச் பிரைமர் போட்டு, மேட் கறுப்பை மெல்லிய மூன்று கோட்டாக அடியுங்கள். ஒரு வாரம் ஆறிய பிறகுதான் ஓரம் தேய்க்க வேண்டும். முன்னதாகத் தேய்த்தால் பெயின்ட் தேயாது, தோல்போல உரியும்.

கடைசியாகக் காப்புப் பூச்சு. கடலோரம் என்பதால் லாக்கர் அடிக்கத் தோன்றும். காட்சிப் பெட்டியிலேயே இருக்கும் பொருளுக்குச் சரி. கையில் எடுக்கும் பொருளுக்கு நான் வேண்டாம் என்பேன். ஒரு இடத்தில் கீறல் விழுந்தால் போதும், அந்த வழியே ஈரம் நுழைந்து லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோலக் கறை போகும். ஈரக் காற்றில் அடித்தால் லாக்கரே வெளுத்துவிடும். அதற்குப் பதில் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு. 1950-களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வகத்தில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸ் இந்த வகைதான். விரல்நுனி அளவு எடுத்து, ஹேர் டிரையரால் சற்றுச் சூடாக்கிய உலோகத்தில் பரப்பி, சில நிமிடத்தில் துணியால் துடைத்தெடுங்கள். கிளாம்பின் உட்பக்கத்துக்கும் அதற்கு அடியில் வரும் குழாய்க்கும் இரண்டு முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசலாம்.

கழன்ற பட்டைகளை ஒட்ட ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம், அதன் ஆவி பக்கத்து உலோகத்தில் வெள்ளைப் பூஞ்சைபோலப் படியும். ஃபோம் இல்லாத மெல்லிய இருபக்க டேப் போதும், பின்னால் கழற்றவும் சுலபம். ஒட்டும் இடத்தில் மட்டும் மெழுகு பூசாமல் விட்டிருக்க வேண்டும், ஆகவே முதலில் பட்டை, பிறகு மெழுகு. மரைகளில் துளி வாசலின் தடவி மூட்டுங்கள், பேட்டரியை எல்லாவற்றுக்கும் கடைசியில். வைக்கும் இடத்தில் தோல் உறையும் ரப்பர் வளையமும் வேண்டாம், இரண்டும் பித்தளையைக் கறுக்க வைக்கும். புதிய பிளைவுட் அலமாரியும் அமில ஆவி விடும். கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, கிளாம்பை மாதம் ஒருமுறை தளர்த்தி அடியில் பாருங்கள். பச்சை திரும்ப வந்தால் அங்கேதான் முதலில் வரும்.